கூரையில்லாத கோவிலில் ஒரு செவ்வாய்

யாழ்ப்பாணத்தின் குறிகட்டுவான் இறங்குதுறையில் வாடைக்காற்றோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டிய பிறகே நெடுந்தீவுப் படகில் இடம் கிடைத்தது. அம்மாவின் மடியில் ஒரு கட்டு மெழுகுதிரி. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்த இரவு, வீட்டுக் கூரை தப்பினால் தீவில் இருக்கும் அந்தோனியாருக்குத் திரி கொளுத்துவதாக நேர்ந்திருந்தார். எங்கள் கூரை தப்பியது. அந்தோனியாரின் கூரைதான் தப்பவில்லை. கொரோனா முடக்கத்தால் நேர்த்தி ஓராண்டு தள்ளிப்போய், 2022 தை மாதத்தில்தான் புறப்பட்டோம்.

கடலோரச் சிறு கோவில். முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவர்கள் நிற்கின்றன; ஓடும் பனஞ்சிலாகையும் போய், மேற்கு மூலை சரிந்து கிடந்தது. சொரூபத்தை அயல்வீட்டு விறாந்தையில் வைத்திருந்து, பூசைக்கு மட்டும் தூக்கிவருகிறார்கள். அன்றைய பூசை கிடுகுப் பந்தலில். காற்றில் திரி நிற்கவில்லை. அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்து மூடி ஒருவர் காப்பாற்றினார்.

பூசை முடிந்ததும் கோவில் பொறுப்பைப் பார்க்கும் மூப்பரிடம் அறிவாளி போலக் கேட்டேன்: "சீமெந்தில் கட்டினால் எப்போதோ முடிந்திருக்குமே, ஐயா?"

அவர் பதில் சொல்லாமல், முன்பு எப்போதோ சீமெந்து பூசிய இடத்துக்குக் கூட்டிப்போனார். "தட்டிப் பாருங்கள் தம்பி." உள்ளே வெற்றோசை. விரல் பட்டதும் ஒரு சில்லு கையோடு வந்தது. பின்னால் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. முருகைக்கல் கடலில் பிறந்தது, உப்பும் ஈரமும் அதன் உடம்பிலேயே இருக்கும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை வெளியே விடும். சீமெந்து அடைத்துவைக்கும், அடைபட்ட உப்பு கல்லையே தின்னும். புதுக்கல் எடுக்கவும் வழியில்லை, கடலில் முருகைக்கல் உடைப்பதற்குச் சட்டத்தில் தடை. ஆகவே விழுந்த கல்லையே பொறுக்கி, பழைய சாந்தைச் சுரண்டி, மீண்டும் அடுக்கவேண்டும். அதற்குத்தான் இவ்வளவு காலம்.

"1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் நம் கத்தோலிக்கப் பூசைக்கே தடை போட்டார்கள். 1687 இல் யோசேவாஸ் முனிவர் என்ற குரு பிச்சைக்காரர் கோலத்தில் வந்து, ஒளித்து ஒளித்துப் பூசை வைத்தார். அவருக்கு எந்தக் கூரை இருந்தது?" என்றார் மூப்பர். அதைச் சொன்ன வாயாலேயே, மாரிக்கு முன் ஓடு போட்டுவிடவேண்டும் என்றும் கவலைப்பட்டார்.

பிற்பகல் படகு வரும்வரை பையன்களோடு உட்கார்ந்து நானும் சுரண்டினேன். கல் முழுவதும் கடுகளவு பூக்குழிகள். ஒன்றில் சிறு சங்கு பதிந்திருந்தது. கத்தி முனையால் நெம்பப் போனேன்.

"அண்ணா, விடுங்கள். அது கோவிலுக்கு உரியது," என்றான் ஒரு சிறுவன்.

திரும்பும் படகில் அம்மா வெகுநேரம் பேசவில்லை. புங்குடுதீவுக் கரை தெரியத் தொடங்கியபோது கேட்டார்: "ஒரு மூட்டை சுண்ணாம்பு என்ன விலை வரும்?"

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது.