டாக்டராகப் போகிற பிள்ளைக்கு ஹிஸ்டரி எதற்கு?

சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் பிள்ளை இருக்கும் வீட்டில், அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரம் நெருங்கினாலே ஆளாளுக்கு உபதேசம்தான். டிரிபிள் சயின்ஸ் (பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் தனித்தனிப் பாடமாக) எடு, ஹிஸ்டரியை விட்டுவிடு, பக்கம் பக்கமாக எழுதணும், மார்க்கும் வராது. என் அக்கா மகளுக்கும் இதையே ஓதுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

ஹிஸ்டரியில் வரும் சான்று சார்ந்த கேள்வியைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு பழைய கேலிச்சித்திரம், பக்கத்தில் ஒரு அமைச்சரின் பேச்சு. இரண்டில் எதை, எவ்வளவு தூரம் நம்பலாம்? யார் சொன்னார், யாருக்குச் சொன்னார், சொல்வதால் அவருக்கு என்ன லாபம் என்று யோசித்து, சான்றிலிருந்தே ஆதாரம் காட்டி எழுத வேண்டும். ஆய்வகத்தில் ஒரு அளவீட்டைப் பார்த்து, எந்தக் கருவி, எத்தனை மாதிரி, பிழை எங்கே நுழைந்திருக்கும் என்று கேட்பதும் இதே வேலைதானே?

உயர்நிலை முடித்துத் தொடக்கக் கல்லூரிக்கு (ஜேசி) போனால் எழுத்து விட்டுவிடும் என்பதும் கனவு. ஜெனரல் பேப்பர் என்ற ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இருக்கிறது, அறிவியல் பிரிவுக்கும் மனிதவியல் பக்கமிருந்து ஒரு பாடம் எடுத்தாக வேண்டும் (பெரும்பாலும் எகனாமிக்ஸில் போய் விழுவார்கள்), எச்2 (முழு அளவிலான) பயாலஜியிலேயே கட்டுரைக் கேள்வி வருகிறது.

எழுத்து ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: கல்பனா சாவ்லா சென்ற, பூமிக்குத் திரும்பும்போது சிதறிப்போன கொலம்பியா விண்கலம் நினைவிருக்கும். 2003 ஜனவரியில் புறப்படும்போது நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். முன்பு நடந்த மோதல் சோதனையில் பயன்படுத்திய நுரைத் துண்டு 3 கன அங்குலம், மோதியதோ 1920 கன அங்குலம், அதாவது 640 மடங்கு. பழைய சோதனையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று முதல் வரியில் வந்திருக்க வேண்டிய இந்த விஷயம், நெரிசலான ஒரு பவர்பாயிண்ட் பக்கத்தின் அடிவரியில் பொடி எழுத்தில் கிடந்தது. அந்தப் பக்கத்தை விசாரணைக் குழு தன் அறிக்கையில் எடுத்துக் காட்டியே கண்டித்தது. கணக்கு தெரிந்தவர்கள்தான் அதைத் தயாரித்தவர்கள். எதை முதலில் சொல்வது என்பதில்தான் கோட்டை விட்டார்கள்.

சரி, டியூஷனில் கொடுத்த மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து கக்குவதற்கென்றால் ஹிஸ்டரி வேண்டவே வேண்டாம். பிள்ளைக்கு அரசியலும் போரும் சலிப்பு என்றால் ஜியாகிரபி இருக்கிறது. வெளியே போய்த் தரவு எடுத்து, வரைபடம் போட்டு, அதிலிருந்து என்ன தெரிகிறது என்று எழுதுகிற வேலை அதிலும் உண்டு, சயின்ஸ் பிள்ளைகளுக்குப் பிடிக்கவும் செய்யும்.