பிளஸ் ஒன் குரூப்பும் ‘ஒரு வருஷம் மிச்சம்’ கணக்கும்

பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை டீக்கடைக்கு டீக்கடை ஓடும் பேச்சு ஒன்றுதான்: “டிப்ளமோ சேத்து விடுங்க, அப்புறம் நேரா ரெண்டாவது வருஷம் பி.இ., ஒரு வருஷம் மிச்சம்.” சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பத்தாவதுக்குப் பின் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருஷம், பி.இ. நான்கு வருஷம். மொத்தம் 6. பத்தாவதுக்குப் பின் பாலிடெக்னிக் மூன்று வருஷம், இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. மூன்று வருஷம். இதுவும் 6. மிச்சம் என்று எதுவுமில்லை.

இன்னும் இரண்டு வழிகளையும் இதே மாதிரி கூட்டிவிடலாம். ஐ.டி.ஐ. இரண்டு வருஷம் முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு கிடைக்கும். அங்கே 2, பிறகு பி.இ.யில் 3, ஆக 7. பிளஸ் டூ முடித்துவிட்டு பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, அங்கிருந்து பி.இ.க்குப் போனாலும் 7 வருஷம்தான். இந்த வழிகள் தப்பானவை என்று சொல்லவில்லை. நேரம் மிச்சம் என்ற காரணத்துக்காக இவற்றைத் தேர்ந்தெடுப்பதுதான் தப்பு.

டிப்ளமோ வழியில் உண்மையான லாபம் வேறு. 18 வயதில் கையில் ஒரு தொழில் சான்றிதழ் இருக்கும். வீட்டு நிலைமை அப்போது சரியில்லை என்றால் மணலி, எண்ணூர் பக்கம் ஏதாவது தொழிற்சாலையில் அப்ரென்டிஸாக உட்கார்ந்துவிடலாம். பிளஸ் டூ மட்டும் முடித்த பையனுக்கு அந்த இடத்தில் நிற்க ஒன்றுமில்லை. குடும்பத்துக்கு நடுவில் ஒரு நிறுத்தம் தேவைப்படும் என்று தெரிந்தால் பாலிடெக்னிக் நல்ல முடிவு. இல்லையென்றால் யோசிக்க வேண்டும்.

யோசிக்கச் சொல்வதற்குக் காரணம் கணக்குப் பாடம். பி.இ. முதல் வருஷத்தில் மற்றவர்கள் இரண்டு செமஸ்டர் கணக்கு படித்துவிட்டு மூன்றாவது செமஸ்டருக்கு வருவார்கள். டிப்ளமோ முடித்தவர் நேராக அந்த மூன்றாவது செமஸ்டரில் இறங்குகிறார். அங்கே பல பிரிவுகளில் ஃபோரியர் டிரான்ஸ்ஃபார்ம் மாதிரிக் கணக்கு காத்திருக்கும். பட்டறைப் பாடத்திலும் வரைபடத்திலும் இவர்கள் மற்றவர்களை விட ஒரு படி மேலே இருப்பார்கள், அரியர் விழுவது பெரும்பாலும் கணக்கில்தான். டிப்ளமோ கடைசி வருஷத்திலேயே பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் இரண்டு அத்தியாயத்தையும் முழுசாகப் போட்டுப் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். புத்தகம் அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இனி குரூப்புக்கு வருவோம். பிளஸ் டூவில் தமிழ், ஆங்கிலம், நான்கு பாடம், பாடத்துக்கு 100, மொத்தம் 600. எந்த நான்கு பாடம் என்பதுதான் அடுத்த பத்து வருஷத்துக்கான கதவுகளைத் திறப்பதும் மூடுவதும். “கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாதான் ஐ.டி. வேலை” என்று ஒரு நம்பிக்கை ரொம்பப் பரவிக் கிடக்கிறது. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர அந்தப் பாடம் தேவையே இல்லை. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடுவது இப்படி: கணக்கு மதிப்பெண் அப்படியே 100க்கு, இயற்பியல் பாதி, வேதியியல் பாதி. கணக்கில் 85, இயற்பியலில் 70, வேதியியலில் 74 என்றால் 85 + 35 + 37, அதாவது 157. இந்தக் கூட்டலில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இடமே கிடையாது. அதில் 98 வாங்கினாலும் 58 வாங்கினாலும் கட்-ஆஃப் அதேதான்.

உயிரியல் அப்படியில்லை. கணக்கு, இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் இருந்தால் இன்ஜினியரிங் அப்படியே இருக்கும், கூடவே நம்ம பக்கத்திலேயே இருக்கும் சில கதவுகளும் திறக்கும். வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி. காசிமேட்டிலும் எண்ணூரிலும் மீன்பிடித் தொழிலில் இருக்கும் எத்தனை குடும்பங்களுக்கு, அரை நாள் தூரம்கூட இல்லாத இடத்தில் மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு ஒன்று இருப்பது தெரியும்? பி.எஸ்சி. நர்சிங்குக்கும் உயிரியல் வேண்டும். பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுக்காதவர் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பின் மனசு மாறினால் செய்ய ஒன்றுமில்லை.

படிக்கிற பாரம் கூடுமே என்பது நியாயமான கேள்வி. கூடும். கணக்கு, உயிரியல் இரண்டையும் இழுக்க முடியாத பிள்ளையை நான்கு கதவுக்காக வதைக்கத் தேவையில்லை. ஒன்பதாவது, பத்தாவது கணக்குப் பரீட்சைத் தாளை எடுத்துப் பாருங்கள். ஐந்து மதிப்பெண் கணக்கில் எத்தனை படி தானாகப் போட்டிருக்கிறான், எங்கே நின்றிருக்கிறான் என்று பாருங்கள். பொதுத்தேர்வு மதிப்பெண்ணை விட அது நேர்மையாகப் பேசும். ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்தே 75 எடுத்தவருக்கு பிளஸ் ஒன் கணக்கு முதல் மாதமே மூச்சுமுட்டும்.

கப்பல் வேலை கனவு துறைமுகப் பக்கம் எப்போதும் உண்டு, கூடவே ஏஜென்ட்டும் உண்டு. கப்பலைச் செலுத்தும் டெக் அதிகாரிப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் சேர்ந்து 60 சதவீதமும், ஆங்கிலத்தில் பத்தாவதிலோ பிளஸ் டூவிலோ 50 சதவீதமும் வேண்டும். கண் பார்வைச் சோதனையும் கடுமையானது. பணம் கட்டுவதற்கு முன்னால் கண் டாக்டரிடம் போய் நிறக்குருடு சோதனையும் பார்த்துவிடுவது நல்லது. அந்த ஒன்றில் தோற்றால் மற்றது எதுவும் உதவாது.

பத்தாவதோடு பள்ளிக்கூடம் மாற்றுவதில்தான் நிறைய குடும்பங்கள் தெரியாமல் கையைச் சுட்டுக்கொள்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவம், இன்ஜினியரிங், கால்நடை, மீன்வளம், வேளாண்மை, சட்டம் எல்லாவற்றிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்தில் 2020இலும் மற்றவற்றில் 2021இலும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே கட்டும். மாநகராட்சிப் பள்ளியும் இதில் அரசுப் பள்ளிதான். அரசு உதவி பெறும் பள்ளி அப்படியல்ல. வடசென்னையில் நூறாண்டு கண்ட உதவி பெறும் பள்ளிகள் நிறைய. பெயரும் பெரிசு, கட்டடமும் பெரிசு, கட்டணமும் குறைவு, அதனால் அரசுப் பள்ளி என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மாநகராட்சிப் பள்ளியில் பத்தாவது வரை படித்த பெண்ணை “நல்ல ஸ்கூல்” என்று பிளஸ் ஒன்னுக்கு அங்கே மாற்றினால் 7.5 அன்றே போய்விட்டது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரி போகிறவருக்குத் தரும் மாதம் 1,000 ரூபாய், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதை வைத்து இதுவும் கிடைக்கும் என்று குழப்பிக்கொள்ளக் கூடாது. பத்தாவதோடு பாலிடெக்னிக் போகிறவரும் இந்த 7.5 வரிசையிலிருந்து விலகிவிடுகிறார்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் கிடையாது என்று மாநிலக் கல்விக் கொள்கையில் அறிவித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நிம்மதி. சில பள்ளிகளில் இதன் விளைவு, பிளஸ் ஒன் பாடத்தை அரைகுறையாக ஓட்டிவிட்டு ஜனவரியிலேயே பிளஸ் டூ புத்தகத்தைத் திறப்பது. இயற்பியலில் விசை, வேகம், ஆற்றல் எல்லாம் பிளஸ் ஒன் புத்தகத்தில்தான் இருக்கிறது. நீட், ஜே.இ.இ. கேள்வியில் பாதிக்குப் பக்கம் அங்கிருந்து வருகிறது. பி.இ. முதல் வருஷமும் அதன் மேல்தான் நிற்கிறது.

சரி, பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்காகும் பாடப் புள்ளி, சேர்க்க முடியுமா? அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகள் செய்வதைக் கேட்டுவிட்டு இதைக் கேட்கிறவர்கள் இப்போது அதிகம். அங்கே ஏ.பி. என்று ஒரு தேர்வு, ஒவ்வொரு மே மாதமும் நடக்கும். 1 முதல் 5 வரை மதிப்பெண், 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் பல கல்லூரிகள் அந்தப் பாடத்தைத் தள்ளுபடி செய்து கிரெடிட் தரும். பள்ளியில் இருந்துகொண்டே பக்கத்துக் கல்லூரியில் பாடம் படிக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. நம்ம பிளஸ் டூ மார்க் ஷீட்டில் மதிப்பெண் மட்டும்தான். அதில் வாங்கிய எதையும் பி.இ.யோ பி.காமோ கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளாது.

அதற்குப் பக்கத்தில் வருவது ஐ.ஐ.டி. மெட்ராஸின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பு. 2020இல் தொடங்கியது. பிளஸ் ஒன் இறுதித் தேர்வு எழுதியவரே விண்ணப்பித்து, நான்கு வாரப் பாடம் படித்து, தேர்வு மையத்துக்குப் போய்த் தகுதித் தேர்வை எழுதிவிடலாம். ஜே.இ.இ. வேண்டாம். காமர்ஸ், ஆர்ட்ஸ் குரூப்பும் சேரலாம். பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். ஆனால் தகுதித் தேர்வில் பாஸ் ஆனதற்குக் கிரெடிட் ஒன்றும் கிடையாது. பிளஸ் டூ முடித்த பிறகுதான் படிப்பில் சேர்க்கை, அதன் பிறகுதான் கிரெடிட். முதல் கட்டம் 8 பாடம், பாடத்துக்கு 4 கிரெடிட், ஆக 32. முழு பி.எஸ். பட்டத்துக்கு 142. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை பெரிய அளவில் உண்டு, அதற்கு வருமானச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

இதை இன்னொரு கல்லூரிப் படிப்போடு சேர்த்தே படிக்கலாமா என்றால், படிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்க யு.ஜி.சி. 2022 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் கல்லூரியிலோ பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரியிலோ நேரில் ஒரு டிகிரி, வீட்டிலிருந்து இது ஒன்று. நடைமுறையில் இடிப்பது வாராவாரம் வரும் அசைன்மென்ட் கெடுவும், கல்லூரி செமஸ்டர் தேர்வு இதன் தேர்வோடு மோதுவதும். முதல் டெர்மில் இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதவர்தான் இரண்டாவது டெர்மைப் பார்க்கிறார்.

ஐ.ஐ.டி.கள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைப் பள்ளிப் பிள்ளையும் இலவசமாகப் படிக்கலாம். 4 வாரப் பாடத்துக்கு 1 கிரெடிட், 8க்கு 2, 12க்கு 3 என்பது கணக்கு. சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக்குப் பணம். இந்தக் கிரெடிட் உயிர்பெறுவது நீங்கள் சேர்ந்திருக்கும் கல்லூரி அதை ஏற்கும்போதுதான், அதுவும் பெரும்பாலும் ஒரு எலக்டிவ் (விருப்பப்) பாடத்துக்குப் பதிலாக. பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய சான்றிதழை மூன்று வருஷம் கழித்து நீட்டினால் கல்லூரி கையில் வாங்காது. பள்ளியில் இருக்கும்போது ருசி பார்க்க ஒரு 4 வாரப் பாடம் போதும். காசு கட்டிச் சான்றிதழ் வாங்குவதைக் கல்லூரிக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

காமர்ஸ் பிள்ளைகளுக்குத்தான் உண்மையாகவே நேரம் மிச்சமாகும் ஒரு வழி இருக்கிறது. சி.ஏ. படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷனுக்குப் பத்தாவது முடித்ததுமே தற்காலிகமாகப் பதிவு செய்துவிடலாம், தேர்வு பிளஸ் டூ எழுதிய பிறகு. மொத்தம் நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். கடைசி இரண்டும் கொள்குறி வினா, தப்புக்குக் கால் மதிப்பெண் போகும். விழுகிறவர்கள் விழுவது மூன்றாவது தாளில், அது வணிகக் கணிதமும் புள்ளியியலும். ஆகவே சி.ஏ. எண்ணம் துளியாவது இருந்தால் காமர்ஸ் குரூப்பில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷனுக்குப் பதில் வணிகக் கணிதம் உள்ள பிரிவைக் கேட்டு வாங்குங்கள். எல்லாப் பள்ளியிலும் அந்தப் பிரிவு இருக்காது. சேருவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

கிரெடிட் எல்லாம் இப்போது டிஜிலாக்கரில் 12 இலக்க அபார் என்ற மாணவர் அடையாள எண்ணின் கீழ் சேர்கிறது. இதில் சிக்கல் இனிஷியலில் வரும். ஆதாரில் கார்த்திக் செல்வம், மார்க் ஷீட்டில் எஸ். கார்த்திக் என்றிருந்தால் கணினி இரண்டையும் வேறு ஆளாகப் பார்க்கிறது. பத்தாவது பெயர்ப் பட்டியல் பள்ளியிலிருந்து போவதற்கு முன் திருத்துவது ஒரு நாள் வேலை. சான்றிதழ் அச்சாகி வந்தபின் திருத்துவது மாதக்கணக்கு. ஒன்பதாவதிலேயே ஆதாரைச் சரிசெய்துவிடுங்கள்.

ரிசல்ட் வந்ததும் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., பிளஸ் ஒன் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பம் போட்டு வையுங்கள், போடுவதில் தடையில்லை. ஒரிஜினல் டி.சி. மட்டும் ஒன்றுதான். “கொடுத்துட்டுப் போங்க, அப்புறம் வாங்கிக்கலாம்” என்று எந்த அலுவலகத்தில் சொன்னாலும், முடிவு எடுக்காமல் அதைக் கை மாற்றாதீர்கள். நகல் எடுத்து, சான்றொப்பம் வாங்கி, அதைக் கொடுங்கள். திரும்ப வாங்க அலையும் பத்து நாளில் நீங்கள் கேட்ட குரூப்பில் இடம் முடிந்திருக்கும்.