சவள் பிடித்தவனின் படம்

1999 ஜனவரியில் ரொறன்ரோவில் கொட்டிய பனி இங்கே அப்போது இருந்த எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மேயர் மெல் லாஸ்ட்மன் ஆமியையே கூப்பிட்டார். ஆமி என்றால் ஓடி ஒளிந்து பழகிய நாங்கள், அவர்கள் தெருவில் பனி அள்ளுவதை யன்னலடியில் நின்று வெகுநேரம் பார்த்தோம்.

அந்த மாதம் முழுக்க என்னோடு பனி அள்ளச் சவள் பிடித்தவன் எங்கள் வகுப்புக்காரன்தான். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் ஒருநாளும் ஓடாதவன், ஆனால் நீளம் பாய்தல் குழிக்கு மணல் நிரப்பி, ஒரு பெடியன் பாய்ந்து எழும்பியதும் அடுத்தவன் வருவதற்குள் சவளால் இழுத்துச் சமப்படுத்துவது எப்போதும் அவன்தான். கிண்ணத்தோடு எடுத்த ஒரு படத்திலும் அவன் இல்லை.

அந்த ஓகஸ்டில் இரண்டு பேரும் 'மிஸ்டரி மென்' என்ற சூப்பர் ஹீரோ பகிடிப் படம் பார்க்கப் போனோம். உடுப்பு முழுக்கக் கம்பனி விளம்பரம் ஒட்டிய பெரிய ஹீரோ ஒருவர், சண்டை பிடிக்க வில்லன் இல்லையென்று பழைய வில்லனை வெளியே எடுத்துவிட்டு அவனிடமே மாட்டிக்கொள்கிறார். மிச்சம் இருப்பது யாரும் கணக்கில் எடுக்காத ஆட்கள். முள்ளுக்கரண்டி எறிகிறவர், ஒருவரும் பார்க்காதபோது மட்டும் மறைகிற பையன், அப்பாவின் மண்டையோட்டைப் பந்துக்குள் வைத்து உருட்டுகிற பெண், அப்புறம் சவளோடு வருகிறவராக நடிகர் வில்லியம் எச். மேசி.

மேசியிடம் மனைவி சொல்கிறாள்: உங்களைப்போல சவள் பிடிக்க ஆளில்லை, ஆனால் அதற்காக நீங்கள் சூப்பர் ஹீரோ ஆகிவிட முடியாது. அவர் கோபப்படவில்லை. கடவுள் தனக்குத் தந்தது இதுதான், நன்றாக அள்ளுவேன் என்கிறார். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் மேசி அதைச் சொல்லும்போது தியேட்டரே சிரித்தது. என் நண்பன் மட்டும் சிரிக்கவில்லை, காய்த்துப்போன உள்ளங்கையைப் பெருவிரலால் தடவிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் ஓடவில்லை. 6 கோடி 80 லட்சம் டொலர் செலவழித்து அதில் பாதியளவுதான் வந்தது. விளம்பரப் படங்களில் பெயரெடுத்த இயக்குநர் கின்கா அஷருக்கு இதுதான் ஒரே முழுநீளப் படம். படத்தில் வரும் ஸ்மாஷ் மவுத் குழுவின் 'ஆல் ஸ்டார்' பாட்டின் வீடியோவில் இந்தப் பாத்திரங்கள்தான் வருகிறார்கள், ஆனால் 2001இல் 'ஷ்ரெக்' கார்ட்டூன் படம் வந்த பிறகு பாட்டும் அதற்கே போய்விட்டது. என்னைக் கேட்டால் படம் முந்திப் பிறந்துவிட்டது. 'எக்ஸ்-மென்' 2000இல், 'ஸ்பைடர்-மேன்' 2002இல். அந்த சூப்பர் ஹீரோ பட அலை வருவதற்கு முன்பே அதைப் பகிடி பண்ணினால் யாருக்கு விளங்கும்? இன்றைக்குப் பாருங்கள், ஒவ்வொரு காட்சியும் பிடிபடும்.

டிவிடி என்னிடம் இருக்கிறது. இந்த முறை ஒன்றுகூடலுக்குக் கொண்டுவருகிறேன், சாப்பாடு முடிந்ததும் போடுவோம். அவனும் வருகிறான். கிண்ணத்தோடு படம் எடுத்தவர்கள் எல்லோரும் அவனுக்குப் பக்கத்தில் வந்து இருங்கள்.