கச்சேரிக்கு முன்பே கணக்கு
1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சிதார் கலைஞர் ரவிசங்கரும் பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக ஒரே நாளில் இரண்டு கச்சேரி நடத்தினார்கள். டிக்கெட் வசூல் 2,43,000 டாலருக்கு மேல். அது உடனே ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யுனிசெஃப்புக்குப் போனது. அந்தக் கச்சேரியின் இசைத்தட்டு, படம் மூலம் வந்த பெரும்பணமோ அமெரிக்க வரித்துறைச் சிக்கலில் பல ஆண்டுகள் முடங்கியது. வரிவிலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்காததுதான் காரணம். பசித்த குழந்தைகளின் பணம் அது!

நிதி திரட்டும் கச்சேரிக்குப் பாடகர் அழைத்தால் கூட்டம் சேர்ந்துவிடும், சறுக்குவது கணக்கில்தான். டிக்கெட் விற்குமுன்பே தொண்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதுங்கள். ஒலிப்பதிவு, ஒளிபரப்பு, ராயல்டி உரிமை யாருக்கு என்பதும் அதில் இருக்கட்டும். மேடையைக் கழற்றிய பிறகும் பணம் வருவது அவற்றிலிருந்துதான். வங்கிக் கணக்கு தனியாக வேண்டும். அரங்கம், ஒலி, ஒளிச் செலவுக்கு உச்சவரம்பு வைத்து, தணிக்கை அறிக்கையை ரசிகர்கள் பார்வைக்கே வையுங்கள்.