மூலத் தரவு யாரிடம் இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய குழுவிடம் நிர்வாகம் ஒரு கேள்வியைக் கேட்டது: சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள், அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் எங்கள் செயலியின் எந்த வசதியைப் பயன்படுத்துவதை முதலில் கைவிட்டார்கள்? ஓர் இணையப் பகுப்பாய்வுச் சேவையில் எங்களுக்கு ஐந்து ஆண்டுகளின் எண்கள் சேர்ந்திருந்தன. ஆனால் அவை அனைத்தும் கூட்டுத்தொகைகளாகவே இருந்தன. தனியொரு பயனர் எந்த நாளில் என்ன செய்தார் என்ற மூலப் பதிவு, அந்தச் சேவை வைத்திருந்த கால வரம்பு முடிந்ததும் அழிக்கப்பட்டிருந்தது. எங்கள் கைக்கு அது வந்ததே இல்லை. விடை சொல்ல இயலாததைவிட, அந்த விடை ஒரு காலத்தில் எங்கோ இருந்தது என்பதுதான் என்னை மிகவும் உறுத்தியது.

ஸ்னோப்ளோ என்ற நிறுவனத்தைக் கவனிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். அலெக்சாண்டர் டீன், யாலி சசூன் ஆகிய இருவர் 2012இல் லண்டனில் தொடங்கிய அந்த நிறுவனம், அழகான வரைபடங்களைக் காட்டுவதைத் தன் முதல் வேலையாகக் கொள்ளவில்லை. தளத்திலோ செயலியிலோ நிகழும் ஒவ்வொரு செயலையும் ஒரு நிகழ்வாகத் திரட்டி, சரிபார்த்து, வாடிக்கையாளர் நிறுவனத்தின் சொந்தத் தரவுக் கிடங்கில், அது ரெட்ஷிஃப்டாகவோ ஸ்னோஃப்ளேக்காகவோ பிக்குவரியாகவோ இருக்கலாம், நிகழ்வுக்கு ஒரு வரிசையாகச் சேர்ப்பதே அதன் மென்பொருளின் பணி. திரட்டும் கட்டமைப்பையும் வாடிக்கையாளர் தன் கிளவுட் கணக்கிலேயே, தன் டொமைன் பெயரிலேயே இயக்கிக்கொள்ள முடியும்.

தரவு எங்கே தங்குகிறது என்பதைவிட, அதற்கு யார் பொருள் தருகிறார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆயத்தச் சேவைகளில் 'வருகை' என்றால் என்ன, எத்தனை நிமிட அமைதிக்குப் பின் புதிய வருகை தொடங்குகிறது என்பவற்றையெல்லாம் பெரும்பாலும் சேவை தருபவரே முன்கூட்டித் தீர்மானித்திருப்பார். ஸ்னோப்ளோவில் ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் ஒரு ஸ்கீமாவை நாமே எழுதலாம்: எந்தப் புலம் கட்டாயம், எது எண், எது உரை என்று அதில் வரையறுத்து, 1-0-0 என்பது போன்ற பதிப்பு எண்ணையும் தருகிறோம். வரையறைக்குப் பொருந்தாமல் வரும் நிகழ்வு சத்தமில்லாமல் தொலைந்துபோவதில்லை. தோல்விக்கான காரணத்தோடு தனியாகச் சேமிக்கப்படுவதால், பிழையைக் கண்டறிந்து பெரும்பாலும் அதை மீட்டுவிடலாம். தரவைக் கட்டுப்படுத்துவது என்று நான் கருதுவது இதைத்தான்.

கூகுளின் இணையப் பகுப்பாய்வுச் சேவையான கூகுள் அனலிட்டிக்ஸைப் பயன்படுத்தியவர்கள் இதன் மறுபக்கத்தை அறிவார்கள். அதன் யுனிவர்சல் பதிப்பு 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை ஏற்பதை நிறுத்தத் தொடங்கியது. ஓராண்டு கழித்து, 2024 ஜூலை 1 முதல் பழைய அறிக்கைகளும் மூடப்பட்டன. அதற்குப் பின் வந்த பதிப்பில் மூல நிகழ்வுகளைப் பிக்குவரிக்கு அனுப்பும் வசதி கட்டணமின்றிக் கிடைக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் இலவசக் கணக்குக்கு நாளொன்றுக்கு 10 லட்சம் நிகழ்வுகள் என்ற வரம்பு உண்டு. இணைத்த நாளுக்கு முந்தைய தரவும் வராது. ஆகவே இதை எப்போதாவது செய்யலாம் என்று எண்ணியிருப்பவர்கள் இன்றே இணைத்துவிடுவது நல்லது. ஐரோப்பாவில் 2022இல் ஆஸ்திரிய, பிரெஞ்சுத் தரவுப் பாதுகாப்பு ஆணையங்கள் கூகுள் அனலிட்டிக்ஸ் திரட்டும் தரவு அமெரிக்காவுக்குச் செல்வதைச் சட்டமீறலாகக் கண்டதும், தரவு யாரிடம் இருக்கிறது என்ற இதே கேள்விக்குப் பல நிறுவனங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது.

உரிமை வந்தால் சுமையும் உடன் வருகிறது. சேமிப்புச் செலவு, கட்டமைப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்கள், ஒரு பயனர் தன் தரவை அழிக்கச் சொன்னால் அதை எல்லா இடங்களிலும் தேடி அழிக்கும் கடமை ஆகியவை நம் தலைமேல் விழுகின்றன. இரண்டே பேர் நடத்தும் சிறிய தளத்துக்கு இவ்வளவும் தேவையில்லை. மட்டோமோ என்ற திறந்த மூலப் பகுப்பாய்வு மென்பொருளைத் தங்கள் சர்வரில் நிறுவிக்கொண்டாலே அவர்களுக்குப் போதும் என்பது என் கருத்து.

மென்பொருளின் உரிமமும் மாறக்கூடியதே. யாரும் தாராளமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் இடம் தரும் அப்பாச்சி 2.0 என்ற திறந்த மூல உரிமத்தில் வந்துகொண்டிருந்த தன் முக்கியமான பகுதிகளை ஸ்னோப்ளோ 2024 ஜனவரியில் கட்டுப்பாடுகள் உள்ள தன் சொந்த உரிமத்துக்கு மாற்றியது. அது பலருக்கு ஏமாற்றமாக இருந்தது, எனக்கும்தான். ஆயினும் அந்த மாற்றத்தால் யாருடைய கிடங்கிலிருந்தும் ஒரு வரிசைகூட மறையவில்லை.

எங்கள் குழு நிகழ்வுகளைத் தன் கிடங்கிலேயே சேர்க்கத் தொடங்கிய பின், நிர்வாகம் அந்தப் பழைய கேள்வியை மறுபடியும் கேட்டது. பயனர்வாரியாகப் பதிவுகளை வரிசைப்படுத்தி விடை காண ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. முந்தைய ஐந்து ஆண்டுகளுக்கான இடத்தை மட்டும் அறிக்கையில் வெறுமையாகவே விட்டோம்.