மேல் ஸ்தாயி ஃபஸ்: கொழிஞ்சாம்பாறைக் குறிப்புகள்

ஜூன் 8

கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா மகன் வந்தான். வேலந்தாவளம் வழியாக வந்த பஸ்ஸில் ஆக்டேவ் ஃபஸ் பெடலை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி அது. ஆக்டேவியா என்ற பழைய பெடலின் நகல். “ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா, பிடித்தால் நீங்களும் ஒன்று வாங்குங்கள். வாசிக்கும் ஸ்வரத்தோடு அதன் மேல் ஸ்தாயியும் சேர்ந்து கேட்கும்” என்றான். எனக்குக் கேட்கவில்லை. தகர டப்பாவில் மாட்டிய வண்டுதான் கேட்டது. கடையில் மோட்டார் ஏதாவது கருகுகிறதா என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

ஜூன் 9

பெடல் மீது பிழையில்லை. நேற்று பிரிட்ஜ் பிக்கப்பில், அதாவது தந்தி முடியும் பக்கம் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருளில், வாசித்துக்கொண்டிருந்தேன். இன்று கழுத்துப் பக்கத்துப் பிக்கப்புக்கு மாற்றி, கிட்டாரின் டோன் குமிழை அடியோடு குறைத்து, 12ஆம் ஃபிரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை) மேலே போனேன். மேல் ஸ்தாயி சீழ்க்கை போல எழுந்து வந்தது. தந்தியின் உபசுரங்கள், அதாவது மூல ஒலியோடு கூடவே எழும் மெல்லிய மேல் ஒலிகள், குறையக் குறைய அது துலங்குகிறது. இதை ஒருவர் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 13

மோட்டார் காயில் கட்டுகிற எனக்கு இந்தப் பெடல் மேல் ஸ்தாயியை உண்டாக்கும் விதம் புது வித்தை இல்லை. கடை அடாப்டருக்குள் இருக்கும் அதே முழு அலைத் திருத்திதான். அலையின் கீழ்ப் பாதியை மடக்கி மேலே தூக்கிவிட்டால் ஒரு மேடு இருந்த இடத்தில் இரண்டு மேடு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஆவது இப்படித்தான். ஐந்தாம் தந்தியின் 110 ஹெர்ட்ஸ் 220 ஆவதும் இப்படித்தான். சுரத்தைக் கண்டுபிடித்துக் கணக்குப் போடும் டிஜிட்டல் மூளை எதுவும் உள்ளே இல்லை. அதனால் தந்தியை இழுத்தால் மேல் ஸ்தாயியும் ஒரு நொடிகூடப் பின்தங்காமல் கூடவே இழைகிறது.

அப்பாவின் பழைய ரேடியோப் பெட்டியில் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஓஏ79 டையோடுகள் நான்கு கிடைத்தன. ஜெர்மானியம். சிலிக்கான் டையோடு திறக்க 0.6 வோல்ட்டுக்கு மேல் கேட்கும், இதற்கு 0.2, 0.3 போதும். சுரம் தேய்ந்து அடங்கும்போதும் மடிப்பு தொடர்வதற்கு அது உதவும். பழைய பெடல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜெர்மானியம் என்று உருகுவதில் பாதி பக்தி, பாதி நியாயம்.

ஜூன் 18

இரவெல்லாம் காற்று. பனைகள் அலறின. தூங்காமல் எதை வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரோஜர் மேயர் செய்த ஆக்டேவியா முதலில் நினைவுக்கு வரும். 1967இல் வந்த ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாட்டில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் தனி வாசிப்பில் ஒலிப்பது அதுதான். ஜப்பானில் செய்த யூனிவாக்ஸ் சூப்பர் ஃபஸ் இன்னும் முரடு. நடு அலைவரிசையைக் குடைந்தெடுக்கும் சுவிட்ச் வேறு. ஃபெண்டர் பிளெண்டரில் பெடலுக்குள் போகாத சுத்தமான ஒலியையும் கலந்துகொள்ளலாம். ஃபாக்ஸ் டோன் மெஷினில் மேல் ஸ்தாயியை நிறுத்த ஒரு சுவிட்ச் உண்டு. நிறுத்தினால் கொழுத்த சாதாரண ஃபஸ். எல்லாமே அரை நூற்றாண்டு தாண்டிய வடிவங்கள். அசல் விலைக்கு என் கடையையே விற்க வேண்டும். நகல் போதும்.

ஜூன் 23

குழு ஒத்திகை. ஒரு சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும் சேர்த்துப் பிடித்தால் பெடல் பொறுத்துக்கொள்கிறது. மூன்றாம் சுரமும் சேர்த்த முழு கார்டுக்கு, அதாவது பல சுரங்களை ஒன்றாக மீட்டினால், உறுமித் தீர்க்கிறது. காரணம் எளிது: 220 ஹெர்ட்ஸும் அதன் ஐந்தாம் சுரமான 330உம் உள்ளே போனால் இரட்டிப்புகளோடு கூட்டலும் கழித்தலுமாக 550, 110 பிறக்கின்றன. நாம் வாசிக்காத 550 ஹெர்ட்ஸ் மூன்றாம் சுரமாகவே வந்து பொருந்துகிறது. 220உம் அதன் மூன்றாம் சுரமான 275உம் என்றால் கூட்டலில் 495 வந்து, 440க்கும் 550க்கும் நடுவே உட்கார்ந்து இரண்டோடும் சண்டை போடுகிறது. டிரம்ஸ் வாசிப்பவர் மட்டும் நன்றாக இருக்கிறது என்றார். அவருக்கு எல்லாமே நன்றாக இருக்கும்.

ஜூன் 29

கோபாலபுரத்தில் ஆனி முகூர்த்தம் ஒன்று. தாலி கட்டி முடிந்ததும் நாகசுரக்காரர் தனியாக ஒரு ஆலாபனை எடுத்தார். மண்டபத்தில் பந்திக்கு முண்டியடித்தார்கள், நான் நகரவில்லை. சீவாளியின் அந்த நாசி ஒலி, ஒரே சுரத்தைப் பிடித்து வளைத்து மேலே ஏற்றும் விதம். மூன்று வாரமாக என் ஆம்பில் நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். நாகசுரத்தில் கார்டு கிடையாது! இந்தப் பெடலும் அந்தச் சாதிதான்: ஒரு நேரத்தில் ஒரு சுரம், நிறைய கமகம்.

ஜூலை 3

ஆனால் குழுவில் பல்லவிக்குக் கார்டு வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். ஆகவே டோன் மெஷின் வழி வந்த நகல். அதிலும் மேல் ஸ்தாயி சுவிட்சைக் காலால் மிதிக்கும்படி வைத்தது. ஆக்டேவியாவின் கூர்மை அதில் இல்லை என்று தம்பி முகம் சுளிப்பான். சுளிக்கட்டும். சரணத்துக்கு மிதிப்பேன், பல்லவிக்கு விடுவேன்.

மாலையில் பணம் கட்டிவிட்டேன். பார்சல் வரும்வரை அவனுடையது என்னிடமே இருக்கும். அதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.