சொந்தச் செலவில் சூனியம்

அமெரிக்க ராணுவத்தில் 2011 வரை 'கேட்காதே, சொல்லாதே' என்றொரு கொள்கை இருந்தது. தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளியே தெரிந்தால் வேலை காலி. 13,000 பேருக்கு மேல் போனார்கள்.

அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகமே கணக்குப் போட்டிருக்கிறது: 2004 முதல் 2009 வரையிலான நிதியாண்டுகளில் 3,664 பேரை அனுப்பியதற்கு ஆன செலவு சுமார் 19.3 கோடி டாலர். தலைக்கு ஏறக்குறைய 52,800! பெரும்பகுதி, அந்த இடங்களுக்குப் புதிதாக ஆளெடுத்துப் பயிற்சி கொடுக்க.

ஈராக்கில் போர் நடக்கிறது, அரபி தெரிந்த ஆளுக்குத் தட்டுப்பாடு. அப்போதும் அரபி படித்த மொழிபெயர்ப்பாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். என்ன புத்திசாலித்தனமோ!

இத்தனைக்கும், மூச்சுவிடாமல் தாங்களாகவே விலகிப்போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. ராணுவம் பக்கமே வராதவர்களும் இல்லை.